ஒரு வாரம், ஒரு கார், கர்நாடகா: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கர்நாடகா போகலாம் என்று இருக்கிறோம். மைசூரு, சிரவணபெளகொளா, பேலூர், ஹளேபீடு, ஹம்பி, பாதாமி, கடைசியாக விஜயபுரா. ஓட்டுவது நானும் மச்சானும். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு, ஆனால் கோயில் என்றால் வராமல் இருக்க மாட்டார். இந்தப் பக்கம் போய் வந்தவர்கள் அனுபவத்தைக் கொஞ்சம் பகிருங்கள்.

ஓசூர் அக்கா

தம்பி, ஊர்களெல்லாம் சரி. வரிசையை மட்டும் தலைகீழாகத் திருப்புங்கள்.

எல்லாரும் மைசூரில் ஆரம்பித்து வடக்கே ஏறிக்கொண்டே போவார்கள். கடைசியில் விஜயபுராவில் போய் நிற்பார்கள். அங்கிருந்து பெங்களூருக்கே 500 கிலோமீட்டருக்கு மேல், அதைத் தாண்டி ஈரோடு வேறு. மறுநாள் ஆபீஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அலுத்துப்போன உடம்போடு இருட்டில் வண்டி ஓட்டுவதற்கா விடுமுறை? திரும்பும் நாளை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் போட வேண்டும் என்பது என் கட்சி.

நாங்கள் போனது இப்படி. விடியற்காலையில் கிளம்பி, பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் ஏறித் துமகூரு சாலையில் இறங்கினோம். பெங்களூருக்குள் நுழையவே இல்லை. அன்று ராத்திரி தங்கல் சித்ரதுர்காவில். ஈரோட்டிலிருந்து 460 கிலோமீட்டர் வாக்கில் வரும். முதல் நாள் உற்சாகத்தில் அது பெரிதாகத் தெரியாது. மறுநாள் காலை கோட்டை. ஹைதர் அலியின் ஆட்கள் பாறை இடுக்கு வழியே ஒவ்வொருவராக நுழைய, கோட்டைக் காவலாளியின் மனைவி ஒபவ்வா உலக்கையால் அடித்துப் போட்டாள் என்று ஒரு கதை உண்டே, அந்த இடுக்கை விட்டு என் பையன் நகரவே இல்லை. உள்ளே நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தான். அப்புறம் விஜயபுரா வரை நான்குவழிச் சாலை, வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

விஜயபுராவில் கோல் கும்பஸுக்கு மட்டும் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பிஜப்பூர் (விஜயபுராவின் பழைய பெயர்) சுல்தான் முகமது அடில் ஷாவின் கல்லறை அது, 1656இல் முடிந்தது. அவ்வளவு பெரிய குவிமாடத்துக்குக் கீழே ஒரு தூண் கிடையாது. மூலைக் கோபுரத்தின் குறுகலான படிகளில் ஏறினால் குவிமாடத்தின் உள்பக்கம் சுற்றிவர ஒரு நடைபாதை வரும். எங்கள் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் சுவரோரமாக நின்று, "கார் சாவி உன்கிட்டயா இருக்கு?" என்று முணுமுணுத்தார். காதோடு சொன்ன மாதிரி கேட்டது. சாவி என் பையில்தான் இருந்தது, அதையும் முணுமுணுத்தே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பள்ளிக்கூடமே மேலே ஏறி வந்து ஊய் ஊய் என்று கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு கத்தலும் ஏழெட்டு முறை திரும்பி வருகிறது. அதற்கு மேல் அங்கே நிற்க ஆகாது. அப்பாவைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள், படி செங்குத்து.

அங்கிருந்து பாதாமி, ஹம்பி, பேலூர், மைசூரு என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நாளும் வீடு கிட்டத்தில் வரும். யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலும் ஒரு ஊரை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

கோவை வண்டிக்காரர்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். மைசூரிலிருந்து ஈரோட்டுக்குச் சாமராஜநகர், திம்பம், சத்தி வழி 200 கிலோமீட்டர் வாக்கில்தான். ஆனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகம் என்பதால் ராத்திரி வண்டி விட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேல் மைசூரில் பட்டுப்புடவைக் கடைக்குள் நுழைந்தால் அன்றைக்கு மலை இறங்க முடியாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் வாத்தியார்

பாதாமியை ஒரு வேளையில் முடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நாலு குடைவரைகள். மூன்றாவதில் கி.பி. 578ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கீழே ஏரி. சாயங்கால வெயில் அந்தச் சிவப்புப் பாறையில் விழும் நேரத்துக்கு எதிர்க்கரையில், பூதநாதர் கோயில் பக்கம் இருங்கள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்.

நமக்கு அது வெறும் சுற்றுலா ஊர் இல்லை, சாளுக்கியர்களின் தலைநகராக இருந்த பழைய வாதாபி. 642 வாக்கில் நரசிம்மவர்மப் பல்லவன் பிடித்த ஊர். அவன் பெயரில் பாறைக் கல்வெட்டும் அங்கே உண்டு. அதற்குப் பதிலடியைப் பார்க்க 22 கிலோமீட்டர் தள்ளிப் பட்டதகல் போக வேண்டும். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர்களின் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி கட்டிய விருபாட்சர் கோயில் அது. எங்கள் ஊர்க் கைலாசநாதரைப் பார்த்த கண்ணுக்கு ரொம்பத் தெரிந்த முகமாக இருக்கும். விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கொள்ளையடிக்கவில்லை, கோயில் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான் என்று கைலாசநாதர் கோயிலிலேயே ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு நூறு வருஷச் சண்டை முழுசாகக் கண்ணில் ஓடும்.

மறக்காமல் கவனியுங்கள்: பாதாமி, ஐஹொளே, ஹம்பி பக்கம் கமலாபுரம், ஹளேபீடு என்று தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஈரோட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன். சாப்பாடு எப்படி? அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஹம்பியில் அப்பாவால் நடக்க முடியுமா?

ஓசூர் அக்கா

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். பாதாமியிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் பனசங்கரி கோயில். அங்கே ஊர்ப் பெண்கள் கூடையில் சோள ரொட்டி, கத்திரிக்காய்ப் பொரியல், வேர்க்கடலைச் சட்னிப்பொடி, தயிர் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்து விற்பார்கள். படியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். காரம் வேண்டாம் என்றால் தயிரைக் கூடக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். என் மாமியாரே இரண்டாவது ரொட்டி கேட்டார், அவர் லேசில் எதையும் நல்லாயிருக்கு என்று சொல்கிறவர் இல்லை.

ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு நம் காரை விட மாட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டுப் பேட்டரி வண்டியில் போக வேண்டும். அப்பாவுக்கு அது வசதிதான், வரிசை மட்டும் நீளம். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல் ரதம் அங்கேதான். அந்த டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே நாளில் தாமரை மகாலுக்கும் செல்லும். தங்குவதற்கு ஹொசபேட்டே. நாங்கள் தங்கிய லாட்ஜில் பார்க்கிங் உண்டு என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் தெருவைக் கையால் காட்டினார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டு வாங்குங்கள்.

ஹொசபேட்டேயிலிருந்து பேலூர் 300 கிலோமீட்டருக்கு மேல். அந்த நாளில் வேறு எதையும் போடாதீர்கள்.

காஞ்சிபுரம் வாத்தியார்

சிரவணபெளகொளாவில் மலைமேல் நிற்கும் கோமடேசுவரர் (பாகுபலி) சிலையின் காலடியில் "சாமுண்டராஜன் செய்வித்தான்" என்று தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். கன்னடம், மராத்தி வரிகளும் உண்டு. அப்பாவுக்குக் காட்டுங்கள். 600 படிக்கு மேல், ஏற முடியாதவர்களுக்கு டோலி கிடைக்கும்.

கோவை வண்டிக்காரர்

செருப்பில்லாமல் ஏற வேண்டும், பாறை பதினோரு மணிக்கே சுடும். எல்லாருக்கும் சாக்ஸ் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைசூரில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் அரண்மனை விளக்கையும் பார்த்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை லீவு போட வேண்டி வரும், மச்சானிடம் இப்பவே சொல்லிவிடுங்கள்.