முன் பிரேக் பேட் மாற்றம்: காலிப்பர் போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்?

புதுச்சாவி:
சின்ன ஹேட்ச்பேக், முன்பக்க பேட் மாற்றணும். அதற்குப் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றணும். மேனுவலில் கைடு பின் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) போல்ட்டுக்கு 27 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) போல்ட்டுக்கு 95 என்று போட்டிருக்கு. என்னிடம் 40–200 நியூட்டன் மீட்டர் அளவுள்ள அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு வந்ததும் கிளிக் என்று சொல்வது) மட்டும்தான் இருக்கு. கைடு பின்னைக் கைக்கணக்கில் இறுக்கினால் போதாதா? கிரீஸ், லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) எங்கே போடணும்?

நெம்புகோல்:
பிராக்கெட்டுக்கும் வீல் நட்டுக்கும் அது சரி. 27-க்கு ஆகாது. 10–60 அளவில் 3/8 இஞ்ச் ரெஞ்ச் ஒன்று இரவலாவது வாங்குங்க. கைடு பின் போல்ட் பெரும்பாலும் எம்8, அதாவது 8 மி.மீ. தடிமன்தான். பிராக்கெட் போல்ட் மாதிரி இழுத்தால் மரை போயிடும்.

இறுக்கும்போது பின்னும் சேர்ந்து சுற்றும். அதன் தட்டைப் பக்கத்தை மெல்லிய ஸ்பேனரால் பிடிச்சுக்கோங்க. இல்லாவிட்டால் ரப்பர் பூட் முறுக்கிக் கிழியும், தண்ணீர் புகுந்து பின் துருப்பிடித்து நின்றுவிடும், உள் பேட் மட்டும் சீக்கிரம் தேயும்.

பின்னுக்குச் சிலிக்கான் பிரேக் கிரீஸ், மெல்லிசாக. சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப்போகும். போல்ட் மரையில் மட்டும் கிரீஸ் வேண்டவே வேண்டாம். மேனுவல் எண் காய்ந்த மரைக்கானது. கிரீஸால் மரை வழுக்கினால் அதே 95-லேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். பிராக்கெட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நீல லாக்டைட் இரண்டு சொட்டு விடுங்க.

ஸ்பேனர்17:
லாக்டைட்டை மேனுவல் சொன்னால் மட்டும் போடுங்க. சில கார்களில் பிராக்கெட் போல்ட்டையே புதுசாகத்தான் போடணும், அதையும் பார்த்துக்கோங்க.

பேட் மாற்ற, காலிப்பருக்குப் பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றத் தேவையில்லை. காலிப்பரைத் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டுங்க. கழற்றியே ஆகணும் என்றால், ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு ஹோஸின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர். பழைய வாஷர் நசுங்கியிருக்கும், கசியும். கசிவை நிறுத்த மேலும் முறுக்கினால் போல்ட் முறியும், உள்ளே துளையுள்ள போல்ட் அது.

புதுச்சாவி:
வீல் நட்?

ஸ்பேனர்17:
ஜாக்கியில் இருக்கும்போது எதிரெதிராக லேசாக இறுக்கி, டயர் தரையைத் தொட்டதும் ரெஞ்ச் வைங்க. ஒரு கிளிக் போதும். 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்க.

நெம்புகோல்:
வண்டியை நகர்த்தும் முன்னாடி பெடலைக் கெட்டியாகும்வரை மிதிங்க. புது பேட் நுழைய, காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதிக்கு அடிவரை போகும், பிரேக் பிடிக்காது.