ஸ்டேசன் டாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சின்ன ரயில் ஸ்டேசன். பயணிகள் கழிப்பறைக்கான 1000 லீற்றர் டாங்கி மூன்று கிழமையாகக் காய்ந்து கிடக்குது.

அரைக் குதிரைவலு மோட்டர், ஒரு அங்குலப் பைப், பக்கத்துக் கிணறு. போட்டதும் இரண்டு நிமிசம் நல்லா வருது, பிறகு குமிழ் குமிழாகக் காற்று, அதோட சரி. மோட்டர் போட முதல் உறிஞ்சும் பைப்பில் வார்த்து நிரப்பிய தண்ணீரும் விடியும்போது இறங்கிப் போயிருக்கு.

புட்வால்வ் (கிணற்றுக்குள் பைப்பின் அடியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற வால்வ்) புதுசு, தண்ணீருக்குள் 3 அடி இருக்கு. வெளியே தெரிகிற மூட்டுக்கெல்லாம் டேப் சுற்றி இறுக்கியாச்சு. நீர்மட்டம் மோட்டருக்குக் கீழே 18 அடிதான், உறிஞ்ச முடியாத ஆழமில்லை. மிச்சமிருப்பது பிளாட்போர்மின் கொங்கிறீற்றுக்கு அடியால் போகிற 12 அடிப் பைப். சந்தேகம் அதில்தான்.

கொங்கிறீற்றை உடைக்காமல், காற்று இழுக்கிறது அந்தத் துண்டுதானா என்று எப்படிச் சோதிக்கலாம்?