ஆங்கிலப் பொதுத்தேர்வுக்குப் படித்த அனுபவம்: கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு எப்படிப் படித்தீர்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் 2012 ஏப்ரலில் தேர்வு எழுதியவன். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே எங்கள் ஊர். சமச்சீர்க் கல்வியில் பத்தாம் வகுப்பு எழுதிய முதல் செட் நாங்கள்தாம். அந்தப் பாடத்திட்டம் வருமா வராதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9 அன்றுதான் தீர்ப்பு வந்தது. அதன் பிறகே புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. அண்ணன்மாரிடம் பழைய வினாத்தாளை வாங்கிப் படிக்கலாம் என்றால், எங்களுக்கு முன் அந்தப் பாடத்தை எழுதியவர் யாருமில்லை. ஆகவே எல்லோரையும் போல நானும் ஒரு கைடு வாங்கி, நெடுவினா விடைகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, வரி பிசகாமல் உருப்போடத் தொடங்கினேன்.

டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல், மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டின் ஓடுகள் பறந்தன. மரப்பெட்டிக்குள் இருந்ததால் பாடப்புத்தகம் தப்பியது, கைடு தப்பவில்லை. பக்கங்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் எழுத்தோடு பிய்ந்து வந்தன. நான் போட்ட கோடுகள் மட்டும் இளஞ்சிவப்பாகத் தாள் முழுவதும் பரவியிருந்தன. அம்மா அதைத் துணிக்கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தும் பயனில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நேரத்தில், புதுக் கைடு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பி.ஏ. முடித்தவர். "கைடு எழுதினவனும் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதினான்?" என்று கேட்டுவிட்டு, மின்சாரம் வராத அந்த வாரங்களில் மண்ணெண்ணெய் விளக்கருகே என்னை உட்கார வைத்தார். பாடத்தின் ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். யார், எங்கே, என்ன செய்தார், ஏன் செய்தார், கடைசியில் என்ன ஆயிற்று என்று ஐந்து வாக்கியங்களை, ஒவ்வொன்றும் எட்டுச் சொல்லுக்கு மிகாமல், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் வாரத்தில் என் வாக்கியங்கள் இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தில் முடிந்தன. சிலவற்றில் வினைச்சொல்லே இருக்காது. அக்கா ஒரு நாளைக்கு ஒரு வகைத் தவறை மட்டுமே சுழிப்பார். மற்றவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்திருந்தால் நான் இரண்டாம் நாளே ஓடியிருப்பேன். மனப்பாடத்தை அறவே கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் மனப்பாடச் செய்யுளுக்கு வேறு வழியில்லை. அப்போது ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள். பொருளையும் விளம்பர வாசகத்தையும் பொருத்துவது, வரைபடம் பார்த்து வழி சொல்வது போன்றவற்றுக்குக் கைடே தேவைப்படவில்லை. முப்பத்தைந்தைத் தாண்டினால் போதும் என்றிருந்த எனக்கு 71 கிடைத்தது.

*

மேலே தன் அனுபவத்தை எழுதிய கடலூர்த் தம்பி குறிப்பிட்ட, வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்வியைப் பற்றி எழுதவே வந்தேன். புதுச்சேரி முதலியார்பேட்டையில் நெடுநாளாக டியூஷன் எடுத்து வருகிறேன். எளிய கேள்வி என்று எல்லோரும் சொல்லும் இதில்தான் பிள்ளைகள் இடதையும் வலதையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் தாளைப் பார்ப்பவரின் இடக்கையை நடப்பவரின் இடக்கை என்று எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்த் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் இருப்பது இதற்கு வசதி. நேரு வீதியில் கிழக்கே நடந்தால் முதலில் காந்தி வீதியும் அதன்பின் மிஷன் வீதியும் குறுக்கிடும். காந்தி வீதியில் இடப்புறம் திரும்பினால் முத்தியால்பேட்டைப் பக்கம் போகலாம். அதே முனைக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி வந்தால், முத்தியால்பேட்டை வலக்கைப் பக்கமாகிவிடும். இதை ஒரு முறை காலால் நடந்து பார்த்த பிள்ளை பிறகு தவறு செய்வதில்லை. தேர்வு அறையில் வினாத்தாளையே சுழற்றி, நடக்கும் திசை மேலே இருக்குமாறு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

தமிழகப் பாடத்திட்டத்தில் இப்போது ஒரே தாள், 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு மட்டுமே 50 போகிறது. கடிதம், அறிவிப்பு, விளம்பரம், படம் பார்த்து எழுதுவது எல்லாம் அதற்குள் வருபவை. அப்படியிருந்தும் பெற்றோர் எட்டு மதிப்பெண் கதையைப் பிள்ளை ஒப்பிக்கிறதா என்றே கேட்கிறார்கள். எனக்கு இது ஆறாத மனக்குறை. எங்கள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழகப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு கணக்கே வேறு. எழுத்துத் தேர்வு 80, அக மதிப்பீடு 20. முன்பின் பார்த்திராத பத்தியைப் படித்து விடை எழுதுவதற்கே 20 மதிப்பெண். உருப்போட்டே பழகிய பிள்ளைகள் அங்கேதான் திகைத்து நின்றார்கள். அவர்களுக்குத் தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைக் கொடுத்து, அதிலிருந்து மூன்று கேள்விகளை அவர்களையே தயாரிக்கச் சொன்னேன். விடை சொல்வதைவிடக் கேள்வி தயாரிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

*

புதுச்சேரி அக்கா, நான் கடலூரில் ஒரு மாணவியின் அப்பா. நடந்து பார்க்கச் சொன்ன உங்கள் யோசனையைப் பார்த்துவிட்டு நேற்று மாலை மகளை இங்கே மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். அவளுக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு. வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, தெரிந்த கேள்விகளை எண்ணிப் பார்ப்பேன் என்றாள். அரையாண்டுத் தேர்வில் அவசரத்தில் வினா எண்ணை மாற்றிப் போட்டு ஐந்து மதிப்பெண் இழந்தவள் அவள். எந்தப் பிரிவில் எத்தனை எழுத வேண்டும், எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறாய் என்பதை அந்த நேரத்தில் மனத்துக்குள் முடிவு செய்துகொள், எண்ணை வினாத்தாளைப் பார்த்தே எழுது என்றேன். தலையாட்டிவிட்டு, "அப்பா, நீங்க இப்பச் சொன்ன ரைட், என்னோட ரைட்டா உங்களோட ரைட்டா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு எதிரே நின்றிருந்தேன்.