மறு: ‘பிரைவேட் மிலிட்டரி கம்பெனி’க்கு என்ன சொல் போடுவது?

அன்புள்ள குழும நண்பர்களே,

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும். சர்வதேச அரசியல் பாடநூலில் இந்த ஒரு இயலில் மட்டும், பணத்துக்குப் போர்வேலை செய்துதரும் ‘பிரைவேட் மிலிட்டரி கம்பெனி’க்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. இதுவரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> கூலிப்படை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பரிமேலழகர் ஆண்ட சொல் அல்லவா?

ஆமாம் ஐயா. 762ஆம் குறளின் உரையில் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறும் சொல்லி, மூலப்படையே சிறந்தது என்கிறார். ஆனால் இன்றைய மாணவர் கூலிப்படை என்றதும் நினைப்பது ‘கூலிப்படையை ஏவிக் கொலை’ என்ற செய்தித் தலைப்பைத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. போர் விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை (1977), 47ஆம் பிரிவில் மெர்சினரி, அதாவது கூலிக்குப் போரிடுபவர், யார் என்பதற்கு ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. ஆறும் சேர்ந்து பொருந்த வேண்டும். போரிடும் தரப்பின் குடிமகனாக இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அப்படியானால் உக்ரைனில் ரஷ்யாவுக்காகப் போரிட்ட ரஷ்யக் குடிமகன், வாக்னர் என்ற ரஷ்ய நிறுவனத்தில் சம்பளம் வாங்கியிருந்தாலும், அந்த வரையறைக்குள் வரமாட்டார். நிறுவனத்துக்கே கூலிப்படை என்று பெயர் வைத்துவிட்டால், சட்டம் சொல்லாத தீர்ப்பைப் பாடநூல் சொன்னதாகிவிடும்.

கூலியின் வேர், அதிலிருந்து ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து வந்ததா என்று நடந்த மூன்று நாள் வாதத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் கூலி வாங்குவது ஒரு படையை வேறுபடுத்தாது. சோல்ஜர் என்ற சொல்லே சோலிடஸ் என்ற ரோம நாணயத்தில்தான் போய் நிற்கிறது. அரசுப் படைவீரரும் சம்பளக்காரர்தான்.

> ஒப்பந்தப்படை? இத்தாலியில் கொண்டொத்தா என்றால் ஒப்பந்தம், அதனால்தான் அங்கே கூலிப்படைத் தலைவர்களுக்குக் கொண்டொத்தியேரி என்று பெயர்.

வரலாற்று இயலாக இருந்தால் இதையே எடுத்திருப்பேன். இங்கே ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ குறுக்கே வருகிறது. அரசே தற்காலிகமாக எடுக்கும் ஆட்கள் என்று மாணவர் படித்துவிடுவார்.

> தனியார் பாதுகாப்பு நிறுவனம் என்பது எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் இதை என்னால் ஏற்க முடியாது. பாதுகாப்பு என்பது அந்த நிறுவனங்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் சொல். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆட்கள் சுட்டதில் ஈராக்கியப் பொதுமக்கள் 17 பேர் இறந்தார்கள். அந்தப் பத்தியில் ‘பாதுகாப்பு’ என்று எழுதக் கை வரவில்லை. இந்த நிறுவனங்களைப் பற்றிய சர்வதேச ஆவணமான 2008இன் மோந்த்ரோ ஆவணம் ‘இராணுவ, பாதுகாப்பு’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஒன்றை மட்டும் பிடுங்கி எடுப்பது நியாயமில்லை.

இனி ‘தனியார்’. குழுமத்து அம்மா ஒருவர் எழுப்பிய கேள்வி இந்த இழையிலேயே கனமானது: அரசு பணம் கொடுத்து, ஆயுதம் கொடுத்து நடத்தும் ஒன்றை எப்படித் தனியார் என்பது? ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 359ஆம் பிரிவு கூலிக்குப் போரிடுவதைத் தடை செய்கிறது. அந்த நாட்டில்தான் வாக்னர் பல ஆண்டுகள் இயங்கியது. 2023 ஜூனில் வாக்னர் தலைவர் பிரிகோஜினின் ஆட்கள் ரஸ்தோவ் நகரைப் பிடித்துக்கொண்டு மாஸ்கோவை நோக்கிக் கிளம்பினார்கள். சில நாள் கழித்து, வாக்னரின் முழுச் செலவையும் அரசுதான் ஏற்றது என்று புதினே சொன்னார். ஓராண்டுக்கு 86 பில்லியன் ரூபிளுக்கு மேல். ஆகஸ்டில் பிரிகோஜின், விமானம் விழுந்து நொறுங்கியதில் இறந்தார்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. 1997இல் பப்புவா நியூகினி அரசு, பூகன்வில் தீவின் கிளர்ச்சியை அடக்க சாண்ட்லைன் என்ற இத்தகைய நிறுவனத்தை அமர்த்தியது. நாட்டின் சொந்தப் படையே அதற்கு எதிராகத் திரும்பியது, பிரதமர் பதவியிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஆகவே அரசுக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு ஒரே மாதிரியானதல்ல. ‘அரசுசாராப் படை’ என்பது நிச்சயம் தவறு. ‘அரசுசார் தனியார் படை’ என்றால் மாணவர் குழம்புவார். ‘தனியார்’ இருக்கட்டும், யார் பணம் என்பதை இயலின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்.

வேளைக்காரர் என்ற பழைய தமிழ்ப் படையினர் பற்றி வந்த நீண்ட மடலையும் விட மனமில்லை. இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் சேவித்த அவர்கள், சோழர் மேல் படையெடுக்கச் சொன்னபோது கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். பின்னாளில் அதே வேளைக்காரர், பொலன்னறுவையில் புத்தரின் பல் பேணிய கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டு வெட்டினார்கள். வேளை என்பது பொழுதா, சூளுரையா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த வரலாற்றை இயலில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடப்போகிறேன், அதற்கு நன்றி.

அப்புறம் ‘கும்பினி’. வணிக நிறுவனமே படை வைத்து நாடு பிடித்ததற்குத் தமிழ் வழங்கிய பெயர் அது, கும்பினிப்படை என்றே எழுதியிருக்கிறார்கள். பொருள் அவ்வளவு நெருக்கம். ஆனாலும் இன்று கிழக்கிந்தியக் கம்பெனியைத் தவிர வேறெதையும் அது சுட்டாது.

‘மிலிட்டரி’க்கு இராணுவமா படைத்துறையா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. ‘படை’ இரண்டையும்விடச் சின்னது, எல்லோருக்கும் தெரிந்தது. ‘கம்பெனி’க்கு நிறுவனம்தான் சரி, ‘குழுமம்’ ஏற்கெனவே பல நிறுவனங்களின் தொகுப்புக்குப் போய்விட்டது.

சரி, நிலவரம் இதுதான்: எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘தனியார் படை நிறுவனம்’ போதும் என்கிறார்கள், சிலர் களைத்துப்போய்ச் சம்மதித்ததும் தெரிகிறது. கூலிப்படையை விடமாட்டேன் என்று ஐயா நிற்கிறார். அவர் வாதத்தைக் கலைச்சொல் பட்டியலில் குறிப்பாகச் சேர்க்கிறேன். மெர்சினரி என்ற தனியாளுக்கு ‘கூலிப்படை வீரர்’ என்று போட்டிருந்தேன், ‘வீரர்’ வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கூலிப்படையாளா, கூலிப்படையினரா? இதற்கு மட்டும் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.