பால் வாங்க இறங்கியவன்

குழு: பெரிய வீடு
சனி, இரவு 9:12

நான்: நேற்று தூக்கம் வராமல் ‘பில்லி லயர்’ பார்த்தேன். 1963-ல் வந்த கருப்பு வெள்ளைப் படம், ஜான் ஷ்லெசிங்கர் எடுத்தது. கடைசிக் காட்சி மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பெரிய மாமா: டாம் கோர்ட்னி பில்லியாக நடித்ததுதானே! காலேஜ் நாளில் பிலிம் சொசைட்டியில் போட்டார்கள். பில்லி, சாவுக்காரியம் செய்து கொடுக்கும் கம்பெனியில் குமாஸ்தா. வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பச் சொன்ன காலண்டர்களை அனுப்பாமல் வீட்டு அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, தபால் காசை அமுக்கிவிடுவான்.

தம்பி: ஹாஹா நம்ம ஆள்

அக்கா: உன் ஆள்தான். ஒரே மோதிரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கு நிச்சயம் செய்தவன். ஒருத்தியிடம் ஏதோ சாக்கு சொல்லித் திரும்ப வாங்கி இன்னொருத்திக்குப் போடப் பார்ப்பான்.

சித்தி: ஐயோ இதை எதற்குடா ராத்திரியில் பார்த்தாய்

நான்: சித்தி, சிரிப்புப் படம்தான். பாதி நேரம் அவன் மனசுக்குள் இருக்கிற அம்ப்ரோசியா நாட்டில் ஓடுகிறது. அங்கே இவன்தான் தலைவன், இவனுக்குத்தான் ராணுவ அணிவகுப்பு. இந்தப் பக்கம் அப்பா திட்டினால் கையில் மெஷின் கன் வந்துவிடும், படபடவென்று சுட்டுத் தள்ளிவிட்டு மறுபடி காபி குடிப்பது போல் உட்கார்ந்திருப்பான்.

பெரிய மாமா: முதலில் கீத் வாட்டர்ஹவுஸ் எழுதிய நாவல், 1959. அடுத்த வருஷமே மேடை நாடகம். அதில் ஆல்பர்ட் ஃபின்னி நடித்தார், அவருக்குப் பிறகு அதே வேஷத்தைக் கோர்ட்னி ஏற்றார். அதனால்தான் படத்தில் அவ்வளவு சரளம். பில்லிக்குப் பிடித்த லிஸ் என்ற பெண்ணின் வேஷத்துக்கு முதலில் எடுத்தது டாப்ஸி ஜேன் என்ற நடிகையை, உடம்புக்கு முடியாமல் போனதால் ஜூலி கிறிஸ்டி வந்தார். 1965-ல் இதே இயக்குநரின் ‘டார்லிங்’ அவருக்கு ஆஸ்கரே வாங்கிக் கொடுத்தது.

தம்பி: மாமா விக்கிபீடியாவைத் திறந்துவிட்டார்

பெரிய மாமா: போடா. எல்லாம் மனப்பாடம்.

அக்கா: கைப்பையை ஆட்டிக்கொண்டு லிஸ் தெருவில் நடந்து வருவாளே, சுற்றிலும் பழைய கட்டடங்களை இடித்துக்கொண்டிருப்பார்கள். பிராட்ஃபோர்டில் எடுத்தது. அந்த ஊரே மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், அவள் மட்டும் காற்று மாதிரி. பிடித்த ஊரில் இருப்பாள், சலித்தால் அடுத்த ஊர்.

நான்: அவளோடு ராத்திரி ரயிலில் லண்டன் போக ஏறி உட்கார்ந்தவன், பால் வாங்கி வருகிறேன் என்று இறங்குகிறானே, அதைத்தான் கேட்கிறேன். பயந்துவிட்டானா?

பெரிய மாமா: பயம்தான். கனவில் நாட்டையே ஆள்கிறவனுக்கு நிஜத்தில் ஒரு டிக்கெட்டில் பயணம் போகத் துணிச்சல் இல்லை. ஸ்டேஷனில் காசு போட்டால் பால் தரும் மெஷினில் பால் வந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கிறான்.

சித்தி: வீட்டில் என்ன நிலைமை?

நான்: அன்றைக்கு ராத்திரிதான் பாட்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறான்.

சித்தி: அப்புறம் என்ன பயம் பயம் என்கிறீர்கள்? பாட்டி செத்த ராத்திரி அம்மாவைத் தனியே விட்டு எந்தப் பிள்ளை போகும்?

அக்கா: சித்தி, அவன் அம்மாவுக்காக இறங்கினான் என்று படம் எங்கேயும் சொல்லவில்லை. நீங்கள் பெற்றவள் கண்ணால் பார்க்கிறீர்கள். ஒன்று கவனித்தீர்களா? பாலோடு ஓடி வரும்போது ரயில் கிளம்பிவிடும், ஆனால் அவன் துணிப்பெட்டி பிளாட்பாரத்தில் இருக்கும். இவன் வர மாட்டான் என்று தெரிந்து லிஸ்தான் இறக்கி வைத்திருக்கிறாள். ஜன்னலில் அவள் முகத்தில் கோபமே இல்லை.

நான்: ஆமாம்!! அந்தப் பெட்டிதான் என்னைத் தூங்கவிடவில்லை

பெரிய மாமா: பெட்டியா? நான் பார்த்த நினைவே இல்லை. அவன் இருட்டில் தனியாக வீட்டுக்கு நடப்பதும் பின்னால் அம்ப்ரோசியா ராணுவம் வருவதும்தான் ஞாபகம்.

தம்பி: மனப்பாடம் என்றீர்களே மாமா

பெரிய மாமா: சரி சரி. நாளை ராத்திரி என் வீட்டில் டிவியில் போடுகிறேன், வாருங்கள்.

சித்தி: எவ்வளவு நேரப் படம்?

நான்: ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே

சித்தி: அப்படியானால் ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள். அந்த அம்மா முகத்தை நான் பார்க்க வேண்டும்.