புராக்ஸ்மாக்ஸ் விஎம்-இல் ஜிட்சி மீட்: மூன்றாவது ஆள் வந்ததும் படம், ஒலி போகிறது

கேள்வி:
ஜிட்சி மீட் (சொந்த சர்வரில் ஓட்டக்கூடிய வீடியோ கூட்ட மென்பொருள்) போட்டிருக்கேன். புராக்ஸ்மாக்ஸ் 8 (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), அதில் டெபியன் 12 லினக்ஸ் விஎம் (மெய்நிகர் கணினி), 4 கோர், 8 ஜிபி ரேம். இருவர் பேசினால் ஓடுது. மூணாவது ஆள் சேர்ந்ததும் எல்லாருக்கும் கறுப்புத் திரை. ரவுட்டரில் டிசிபி போர்ட் 80, 443 திறந்திருக்கு.

பதில் 1:
இருவர் மட்டும்னா பிரவுசர்கள் நேரடியாகவே பேசிக்கும். மூணு பேர் ஆனதும் எல்லாம் வீடியோபிரிட்ஜ் (படம், ஒலியை எல்லாருக்கும் அனுப்பும் ஜிட்சியின் சர்வர் பகுதி) வழியாகத்தான். அதுக்கு யுடிபி (டிசிபி போல இன்னொரு நெட்வொர்க் நெறிமுறை) போர்ட் 10000 வேணும். ரவுட்டரில் விஎம்-இன் ஐபிக்குத் திருப்புங்க. புராக்ஸ்மாக்ஸ் ஃபயர்வாலிலும் திறங்க. பிறகு ஜேவிபி.கான்ஃப் என்ற வீடியோபிரிட்ஜ் அமைப்புக் கோப்பில் ஸ்டாட்டிக்-மேப்பிங்ஸ் பகுதியில் உள் முகவரி, வெளி முகவரி ரெண்டையும் எழுதி வீடியோபிரிட்ஜை ரீஸ்டார்ட் பண்ணுங்க. இல்லேன்னா பிரிட்ஜ் 192.168-இல் தொடங்கும் உள் முகவரியை மட்டும் சொல்லிட்டிருக்கலாம். வெளியாட்களுக்கு அது எட்டாது.

பதில் 2:
புராக்ஸ்மாக்ஸில் விஎம்-இன் சிபியு வகையை 'ஹோஸ்ட்' ஆக்குங்க. பழைய கேவிஎம்64 வகையில் சிபியுவின் ஏஇஎஸ் (குறியாக்கத்தை வேகமாக்கும்) வசதி விஎம்முக்குத் தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் குறியாக்கம் செய்யும் பிரிட்ஜுக்கு அது வீண் சுமை. நெட்வொர்க் கார்டு விர்ட்டைஓவாக (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான வகை) இருக்கட்டும்.

கேட்டவர்:
விஎம்-இல் டிசிபிடம்ப் (வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டால் போர்ட் 10000-க்கு ஒரு பாக்கெட்கூட வரலை.

பதில் 1:
அப்போ பாக்கெட் விஎம் வரைக்கே வரலை, ஜிட்சியைத் தொடவே வேண்டாம். ரவுட்டர் விதியில் யுடிபிக்குப் பதிலா டிசிபி தேர்வாகியிருக்கான்னு பாருங்க. சோதிக்கும்போது ஒரு ஆளாவது உங்க நெட்வொர்க்குக்கு வெளியே, மொபைல் டேட்டாவில் இருக்கணும்.

கேட்டவர்:
டிசிபிதான் இருந்தது! மாத்தியதும் நாலு பேர் தெரியுறோம். நன்றிங்க.