கலைச்சொல்: கதைமாந்தர் பெயரில் பிறந்த சொல்லை எப்படி அழைப்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்பானிய மொழியில் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயைப் 'பெர்ரோ லாசரில்யோ' என்பார்கள். லாசரில்யோ, ஆசிரியர் பெயரில்லாமல் 1554இல் வெளிவந்த ஒரு நாவலின் நாயகன்; பார்வையற்ற பிச்சைக்காரரைக் கைபிடித்து அழைத்துப்போன சிறுவன். நம் அகராதியில் இந்த வகைச் சொற்களுக்குப் 'பாத்திரப் பெயர்ச்சொல்' என்று முன்மொழிகிறேன். உவமையாகுபெயர் (உவமையின் பெயரே பொருளுக்கு ஆகிவருவது) என்பதே போதுமா?

---

> உவமையாகுபெயர் என்பதே போதுமா?

போதாது ஐயா. ஆகுபெயர் என்பது ஒரு பெயர் தொடருக்குள் செய்யும் வேலை. 'காளை வந்தான்' என்பதில் அஃறிணைப் பெயர் உயர்திணை வினைமுற்றை ஏற்பதால் அது உடனே தெரிந்துவிடுகிறது. 'அவன் ஒரு சகுனி' என்றாலோ பொருளும் உவமையும் சேர்ந்தே நிற்பதால் அது உருவகம். லாசரில்யோவில் உவமையே கரைந்துவிட்டது. நாவலைத் தொடாதவரும் அந்தச் சொல்லைப் பிழையின்றி ஆள்கிறார். பிரெஞ்சு இன்னும் தூரம் போனது. நரிக்கு அங்கே பழைய சொல் 'கூப்பில்'. 12ஆம் நூற்றாண்டிலிருந்து பரவிய கதைகளில் வந்த ஒரு நரியின் இயற்பெயர் 'ரெனார்'. இன்று எல்லா நரியும் ரெனார்தான்!

'பாத்திரம்' வேண்டாம். அகராதித் தலைப்பில் தனியே நின்றால் சமையல் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். 'பெயர்ச்சொல்' என்பதும் பொருந்தாது. தரகுவேலை பார்க்கும் செலஸ்தினா என்ற நாடகப் பாத்திரத்தின் பெயரிலிருந்து ஸ்பானியத்தில் வினைச்சொல்லே உண்டு. ஆங்கிலம் பெயர் தந்தவரையும் பிறந்த சொல்லையும் 'எபொனிம்' (eponym) என்ற ஒரே சொல்லால் குறித்துக் குழப்புகிறது. நாம் பிரித்துவிடலாம்: பெயர் தந்தவர் 'மூலமாந்தர்', பிறந்தது 'மாந்தர்வழிச் சொல்'.

---

> மாந்தர்வழிச் சொல்

ஏற்கிறேன். ஆனால் எதைச் சேர்ப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். 'கும்பகர்ணன் மாதிரி தூங்குறான்' என்பதில் உவம உருபு இருக்கிறது, பதிவு கூடாது. உருபு இல்லாமல் நிற்க வேண்டும், 'எத்தனை சகுனிகள்' என்பதுபோலப் பன்மையோ அடையோ ஏற்க வேண்டும். கதையில் ஆணாக இருந்த பெயர் பெண்ணுக்கோ நாய்க்கோ ஒரு நிலைமைக்கோ தாவியிருந்தால் ஐயமே இல்லை. 'கூனி'யை விட்டுவிடலாம், அது முன்பே காரணப்பெயர், எது முந்தியது என்று பிரிக்க முடியாது.

மாதிரிப் பதிவு:

திரிசங்கு நிலை: மாந்தர்வழிச் சொல். மூலமாந்தர்: திரிசங்கு (இராமாயணம், பாலகாண்டம்). விசுவாமித்திரர் மேலே அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, நடுவானில் நின்ற மன்னன். பொருள்: அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் மாட்டிக்கொண்ட நிலைமை.